மார்கழியில் வீட்டோடு இருத்தல்

கழுத்துவரை கம்பளியைப் போர்த்தி, காதுகளைக் குரங்குக் குல்லாய்க்குள் பத்திரப்படுத்தி, வறுத்த மல்லாட்டையை உடைத்து வெல்லத்தோடு வாயில் போட்டுக்கொண்டே, பல்லாயிரம் மைலுக்கு அப்பால் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் மனிதர்களை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பதில் எத்தனை சுகம் இருக்கிறது என்பதை, மார்கழி மாதத்தில் கீழ்பென்னாத்தூரில் வீட்டோடு இருக்கும் பாக்கியம் பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று உதகமண்டலத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டு எங்களுக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. ஏரிப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று வேட்டிக்குள் புகுந்து முழங்காலைத் தேடிப் பிடிக்கும்போது, அண்ணாமலை இருக்கும் திசையில் அப்படியொரு மலை உண்டா என்றே சந்தேகம் வரும்படி பனிமூட்டம் கவிந்திருக்கும்போது, அறுபதைக் கடந்த ஒருவன் வாசற்படியைத் தாண்டாமல் இருப்பதற்கு வேறு நியாயம் தேடவேண்டியதில்லை.

2018-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி, சிட்னியின் மேற்குப் புறநகரான பென்ரித்தில் வெயில் 47.3 டிகிரிக்கு ஏறியது. அன்று அந்த நகரத்து மைதானத்தில் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் தலைவர் ஜோ ரூட் மறுநாள் காலை உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து மட்டையைப் பிடித்து, அரைச்சதத்தைத் தாண்டிய பிறகு இனி முடியாது என்று உள்ளே போய்விட்டார். அந்த மனிதருக்காக மனப்பூர்வமாக இரக்கப்பட்டேன். இரக்கப்பட்டுக்கொண்டே போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

தொலைக்காட்சியை நான் ஊமையாக்கித்தான் பார்ப்பது வழக்கம். திருவெம்பாவையை மாணிக்கவாசக சுவாமிகள் அருளிச்செய்தது திருவண்ணாமலையில் என்பது மரபாகையால், எங்கள் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கிகளுக்கு மார்கழி விடியலின்மீது ஒரு பரம்பரைப் பாத்தியதை உண்டு. அதனோடு போட்டியிட ஆஸ்திரேலிய வர்ணனையாளர்களால் ஆகாது. தவிரவும், ஒலிபெருக்கி ஓய்ந்த அரைமணி நேரத்துக்குள் புழக்கடை முருங்கையடியில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு கூட்டமாக வந்து இறங்கிவிடும். ஒன்று பேசி முடிப்பதற்குள் இன்னொன்று குறுக்கிட்டு, இரண்டும் சொன்னதை மூன்றாவது மறுத்து, நடந்தது என்னவென்று எவருக்கும் தெரியாத நிலையில் அனைத்தும் ஒருசேரக் கத்தி ஓயும் அந்தக் கூட்டத்தைக் கேட்டபிறகு, காசு கொடுத்து வர்ணனையாளர்களை அமர்த்துவது எதற்காக என்று தோன்றும்.

குளிரில் நடுங்கியபடி பறவையை அண்ணாந்து பார்த்தவர் என்று நம் இலக்கியத்தில் ஒருவரைச் சொல்லவேண்டுமானால் சத்திமுத்தப் புலவரைத்தான் சொல்லவேண்டும். நாரையைத் தூது விட்ட அவருடைய பாட்டைப் பள்ளிக்கூடத்தில் உவமையணிக்கு உதாரணமாக நடத்தி, மதிப்பெண் போட்டு, மூடிவைத்துவிடுகிறார்கள். அதில் உள்ள குளிரைப் பற்றி எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள சத்திமுத்தத்திலிருந்து, பாண்டியனைக் கண்டு ஏதாவது பரிசில் பெற்று வரலாம் என்று மதுரைக்குப் போனவர் அவர். அரண்மனைக்குள் நுழைய வழி கிடைக்கவில்லை; மேலே போர்த்த ஒரு துணி இல்லை; வாடைக்காற்று வீசும் இராத்திரி. கையையே போர்வையாக்கிக் கொண்டு, காலை மடக்கி உடம்பைத் தழுவி, பாம்பாட்டியின் கூடைக்குள் பாம்பு சுருண்டு கிடப்பதுபோல் கிடந்தவர் ஆகாயத்தில் போகும் நாரைகளைப் பார்க்கிறார். அந்த அவஸ்தையில் வேறொருவனாயிருந்தால் தன் தலைவிதியை நொந்திருப்பான், அல்லது பாண்டியனைத் திட்டியிருப்பான். இவரோ அலகு எப்படி இருக்கிறது, கால் என்ன நிறம், ஜோடியாகப் போகிறதா தனியாகப் போகிறதா என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான், மழையில் ஊறிய சுவரும் கூரையுமாக இருக்கும் தம் வீட்டில் பல்லி சொல்லுக்குக் காதுகொடுத்துக் காத்திருக்கும் மனைவியிடம் தம் நிலைமையைச் சொல்லும்படி கேட்கிறார். நகர்சோதனைக்கு வந்த பாண்டியன் அதைக் கேட்டு, நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கு என்று இப்படி ஓர் உவமை கிடைக்காமலே தான் நெடுநாள் தவித்திருந்ததை நினைத்து, தன் மேலாடையை எடுத்து அவர்மீது போட்டுவிட்டுப் போனான் என்பது கர்ணபரம்பரைக் கதை. அரசர்கள் உவமைக்காகத் தவித்த காலமும் ஒன்று இருந்திருக்கிறது!

நாரைகள் தென்திசைக்குப் போய்க் குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் என்பதையும் அவர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். இது சாதாரண விஷயம் அல்ல. பனிக்காலத்தில் நாரைகள் எங்கே போகின்றன என்பது ஐரோப்பியர்களுக்கு வெகுகாலம்வரை விளங்காத புதிராகவே இருந்தது. சில பறவைகள் எங்கேயாவது பதுங்கித் தூங்கிவிடுகின்றன என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே பெரிய பெரிய பண்டிதர்கள் எழுதிவைத்திருந்தார்கள். 1822-இல் ஜெர்மனியில் க்ளூட்ஸ் என்ற ஊருக்கு அருகே சுடப்பட்ட ஒரு செங்கால் நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று ஊடுருவி நின்றதைக் கண்டபோதுதான், அந்தப் பறவை ஆப்பிரிக்காவரை போய்த் திரும்பியிருக்கிறது என்பது கண்கூடாயிற்று. ஈட்டியோடு பாடம்பண்ணிய அந்த நாரை ராஸ்டாக் சர்வகலாசாலையில் இன்றும் இருக்கிறது. நம் புலவருக்கு ஈட்டி தேவைப்படவில்லை. குளிரும் பசியும் தூக்கமில்லாத ஓர் இராத்திரியும் போதுமாயிருந்தன.

தை பிறப்பதற்கு முன்பே கடைத்தெருவில் பனங்கிழங்கு கட்டுக்கட்டாக வந்துவிடுகிறது. சென்ற வருஷம் ஒரு கட்டு வாங்கிவந்து, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைக்கச் சொல்லிவிட்டு, அதிலிருந்து ஒரு கிழங்கை மட்டும் வேகவைக்காமல் தனியே எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். மேல்தோலைக் காகிதம்போல் உரித்ததும், அடியில் பருத்து நுனியில் ஊசியாக முடியும் உருவம் வெளிப்பட்டது. நுனியில் நகத்தை வைத்து லேசாக நெம்பினால் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்துகொள்கிறது; பிளந்த பாதிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் விலகி, உள்ளே நடுக்குருத்து ஒரு நாக்குபோல் தெரிகிறது. ஆச்சரியம்! வாய் திறந்த நாரையேதான். மஞ்சளில் வெந்த கிழங்கோ எங்கள் ஏரியில் தண்ணீர் இருக்கும் வருஷங்களில் வந்து நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையின் அலகு நிறத்துக்கு வந்துவிடுகிறது. ஆகையால் புலவர் கண்டது செங்கால் நாரைதானா, வேறு நாரையா என்று வாதம் செய்கிறவர்கள், கிழங்கு வெந்ததா வேகாததா என்ற பிரச்சினையை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது.

பாடம்பண்ணிய பறவை என்றதும் லார்ட்ஸ் மைதானத்துச் சிட்டுக்குருவி ஞாபகம் வராத கிரிக்கெட் ரசிகர் இருக்கமாட்டார். 1936 ஜூலையில் அந்த மைதானத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்காகப் பந்து வீசியவர் ஜஹாங்கீர் கான். 1932-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை இதே லார்ட்ஸில் ஆடியபோது அணியில் இருந்தவர். எம்.சி.சி.யின் டாம் பியர்ஸுக்கு அவர் வீசிய பந்துக்குக் குறுக்கே ஒரு சிட்டுக்குருவி பறந்துவந்து, அடிபட்டு விழுந்து இறந்தது. ஆங்கிலேயர்கள் அதைப் பாடம்பண்ணி, அந்தப் பந்தின்மேலேயே நிறுத்தி, மைதானத்துக் காட்சிசாலையில் வைத்துவிட்டார்கள். ஒரு குருவிக்கு இவ்வளவு கௌரவமா என்று ஒரு கணம் நெகிழ்ந்தாலும், குருவியின் அபிப்பிராயம் வேறாக இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

மெல்போர்ன் மைதானத்துக் கடற்காகங்கள் இதைவிட விவரமானவை. பந்து அதிகம் வராத எல்லைப் பக்கமாகப் பார்த்துக் கும்பலாக உட்கார்ந்து, பந்து உருண்டு வரும்போது மட்டும் எழுந்து, அது போனதும் பழைய இடத்திலேயே அமர்ந்துகொள்கின்றன. படம்பிடிக்கிறவன் ரசிகனாயிருந்தால், இரண்டு பந்துக்கு இடையில் அவற்றையும் கொஞ்சம் காட்டுவான். டிசம்பர் 26-ஆம் தேதி தொடங்கும் அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதை மறந்துவிட்ட வருஷங்கள் உண்டு, காகங்களை மறந்ததில்லை.

ஒன்றும் நடக்காத ஆட்டமே உயர்ந்த ஆட்டம் என்பது என் தீர்மானமான கொள்கை. அதற்கு 2021 ஜனவரி 11-ஆம் தேதியைவிடச் சிறந்த பிரமாணம் கிடையாது. மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து நெய் மிதக்கும் அக்காரவடிசல் ஒரு கிண்ணம் வந்திருந்தது. சிட்னியில் தொடைத்தசை பிடித்துக்கொண்டு ஓட முடியாத ஹனுமா விஹாரியும், முதுகுவலியால் குனிய முடியாத நம் சென்னை அஸ்வினும் ஐந்து விக்கெட் போன நிலையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் 161 பந்துகளுக்கு 23 ஓட்டம். மற்றவர் 128 பந்துகளுக்கு 39. இருவரும் ஆட்டமிழக்காமலே நின்று பந்தயத்தைச் சமன் செய்துவிட்டார்கள். கிண்ணத்தை எடுத்துப்போக வந்த என் மனைவி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னங்க, காலையில இருந்து அதே ரெண்டு பேருதானா நிக்கிறாங்க?"

"ஆமாம்."

"அடிக்கவே மாட்டேங்கறாங்களே?"

"அவுட் ஆகாம நிக்கறதுதான் இன்னிக்கு ஆட்டம்."

"அதுக்கு உங்களையே அனுப்பியிருக்கலாமே!" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதற்குப் பிறகு எட்டு நாளில் பிரிஸ்பேன் நகரத்தில், 1988-க்குப் பிறகு டெஸ்டில் ஆஸ்திரேலியா தோற்றே அறியாத மைதானத்தில், சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடிய பந்தயத்தில், இந்தியா ஜெயித்ததைத்தான் உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். என் ஓட்டு சிட்னிக்கே.

சிட்னியிலும் மெல்போர்னிலும் நம் கடிகாரப்படி ஐந்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தால், சரியாக ஒரு மணி நேரம் கழித்து ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் வரும். அந்த ஆறு மணிக்கு எங்கள் மாமரத்தடியில் ஒரு சீட்டி கேட்கும். முதல் பாதி ஏறி மறு பாதி இறங்கும் இரட்டைச் சீட்டி. ஆறுமணிக்குருவி. காலையில் ஒரு முறையும் அந்தியில் ஒரு முறையும் கச்சேரிக்காரனைப்போல் நேரம் தவறாமல் குரல் கொடுத்துவிட்டுப் பகலெல்லாம் வாய் திறவாமல் இருக்கும். மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிற விருந்தாளி. பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே மைதீட்டினாற்போல் கறுப்புப் பட்டை, சிறகில் ஒரு நீலத் தெறிப்பு, வயிற்றின் கடைசியில் குங்குமச் சிவப்பு, வால் என்று பெயருக்கு ஒரு துண்டு. இது தன் உடையை மயிலிடம் பறிகொடுத்துவிட்டு முறையிட்டுக்கொண்டே இருக்கிறது என்று சிங்களக் கிராமத்தார் கதை சொல்வார்களாம். பறிகொடுத்தது போக மிச்சமே இவ்வளவு என்றால், மயிலுக்கு வெட்கம் வரவேண்டும்.

இத்தனை வர்ணத்தையும் வைத்துக்கொண்டு அது மரத்தின் உச்சியில் உட்காருவதில்லை. தரையிலே தத்தித் தத்தி நடந்து, உதிர்ந்த இலையை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் இருக்கும் புழுவையும் பூச்சியையும் பொறுக்கித் தின்னும். ஈரச் சருகு இல்லாத இடத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. நம் வீடுகளிலோ அது வந்து சேர்ந்து இளைப்பாறும் சமயத்தில்தான் போகிப் பண்டிகை வருகிறது. பழையதைக் கழிக்கும் உற்சாகத்தில் வீட்டையும் வாசலையும் பெருக்கி முடித்தவர்கள், கை அடங்காமல் புழக்கடைச் சருகையும் குவித்து நெருப்பு வைத்துவிடுகிறார்கள். என் வீட்டில் இதைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு தர்க்கம் உண்டு. "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் இன்றுவரை தக்க பதில் கிடையாது. ஆயினும் மாமரத்தடியில் ஒரு மூலை மட்டும் விளக்குமாறு படாமல் தப்பித்து வருகிறது.

புழக்கடை உள்ளவர்கள் இந்தப் போகிக்கு வீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்குங்கள். மரத்தடிச் சருகை மட்டும் பங்குனி முடியும்வரை கூட்டாமல், கொளுத்தாமல் விட்டுவையுங்கள்.