செந்தூல் வரை

ஜனவரி 5

கோலாலம்பூரிலிருந்து அத்தான் கூப்பிட்டார். அத்தைக்குப் பக்கவாதம். வலப்பக்கம் அசைவில்லை, பேச்சும் போய்விட்டது. "மாமாவைக் கூட்டிட்டு வர முடியுமா பாருங்க." அப்பா போனை வாங்கிக் காதில் வைத்திருந்தார். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரி 6

திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம். இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா வேண்டாம். 2023 டிசம்பரில் வந்த சலுகை. பாஸ்போர்ட்டுக்குத்தான் தட்கலில் போட வேண்டும், 3,500 ரூபாய்.

இதற்கு முன் பாஸ்போர்ட் இருந்ததா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று நிரப்பப் போனேன். "இருக்கு" என்றார் அப்பா. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தார். 1996இல் வாங்கியது, 2006இல் காலாவதி. உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அந்த வருஷம் தோதுப்படல" என்றார்.

1996இல்தான் என்னைக் கல்லூரியில் சேர்த்தார்கள்.

ஜனவரி 8

பாஸ்போர்ட் சேவை மையத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. வெளியே வந்ததும் அப்பா இளநீர் கேட்டார்.

ஜனவரி 11

இரவெல்லாம் கட்டணம் பார்த்தேன். முதலில் கண்ணில் படும் தொகை ஆளுக்கும் ஏழு கிலோ கைப்பைக்கும் மட்டும். பெட்டி, சாப்பாடு, உட்காரும் இடம் எல்லாவற்றுக்கும் தனிக்காசு. கூட்டினால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. கொழும்பு வழியாகப் போனால் குறைவு, ஆனால் ராத்திரி முழுக்க விமான நிலைய நாற்காலியில் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு வயது 79.

"தைப்பூசம் முடியட்டும், விலை இறங்கிடும்" என்றான் அண்ணன். கணக்கு சரிதான். பத்துமலைக் கூட்டம் வடிந்ததும் இறங்கும். அத்தை அதுவரை இருப்பாளா என்று கேட்க நாக்கு எழவில்லை.

ஜனவரி 12

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

பொங்கல்

சாப்பிட்டு முடித்து, கேட்காமலே அப்பா சொல்லத் தொடங்கினார். 1965. கல்யாணமாகி அத்தை ரஜூலா கப்பலில் போனாள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரக் கடலில் நிற்கும். படகில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். "படகுல ஏறினவ திரும்பிப் பாக்கவே இல்ல. பாத்தா எறங்கிடுவான்னு எனக்குத் தெரியும்."

சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போன அந்தக் கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்கள்தான் அதிகம். அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கடல்வழியும் அற்றுப்போனது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மலேசியா உண்மையில் தூரமானது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அத்தையின் கணவர் செந்தூல் ரயில்வே பட்டறைக்காரர். பிள்ளைகளைப் படிக்க வைக்கவே அந்தச் சம்பளம் சரியாக இருந்தது. இங்கே அப்பாவுக்கும் அதே நிலைதான். இரண்டு பக்கமும் பாசம் இருந்தது, பயணக் காசு இல்லை.

ஜனவரி 17

பாஸ்போர்ட் வந்துவிட்டது. 22ஆம் தேதிக்கு நேர் விமானத்திலேயே போட்டேன், இருபது கிலோ பெட்டியும் சேர்த்து. விலை இன்னும் ஏறியிருந்தது. வளையலை அடகு வைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 18

விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் ஆளுக்கு 55 ரிங்கிட். பேருந்து மிகவும் மலிவு, ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து பத்துமலை போகும் கொமுட்டர் ரயில் செந்தூலில் நிற்கிறது. அத்தான் காரோடு வருவதாகச் சொல்கிறார். பாவம், அவர் ஆஸ்பத்திரியை விட்டு எப்படி நகர்வார்? வழியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். சக்கர நாற்காலிக்கும் சொல்லியாயிற்று.

பத்துமலையைக் கீழே நின்றாவது பார்க்கலாமா என்று கேட்டேன். 140 அடி முருகனை எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், 272 படி ஏற வேண்டியதில்லை. "முதல்ல அக்கா" என்றார்.

ஜனவரி 20

மலேசியாவின் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. தங்கும் இடம் என்ற கட்டத்தில் அத்தை வீட்டு முகவரியைப் போட்டேன்.

ராத்திரி அத்தான் பேசினார். "மாமா பசியாறிட்டாரா?" என்று முதலில் விசாரித்தார். அத்தை கண் திறக்கிறாளாம், யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். அப்பாவிடம் அப்படியே சொன்னேன். பெட்டியில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

நாளை மறுநாள் இரவு விமானம்.