முகாம் திருப்பலிக்கான பெட்டி



அல்கோன்குயின் பூங்காவில் நம் இளையோர் தோணியேறிச் செல்லும் முகாமுக்குத் திருப்பலிப் பொருள்களைக் கொண்டுசெல்ல, பெட்டியொன்று வாங்கித் தருவதாக உங்களுள் சிலர் முன்வந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் வெல்வெட் பதித்த தோற்பெட்டி வேண்டாம். ஏரிக்கரை ஈரத்தில் அது பூஞ்சை பிடிக்கும். சுருட்டுப் பிரியர்கள் பயணத்தில் கொண்டுசெல்லும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள்: கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, விளிம்பில் ரப்பர் வளையம், உள்ளே பள்ளம் வெட்டிய நுரைமெத்தை. அத்தகைய ஓடுதான் நமக்குத் தேவை. தோணி கவிழ்ந்தாலும் உள்ளிருப்பது நனையாது.

ஆனால் சுருட்டுக்கு ஏற்றது அப்பத்துக்கு ஏற்றதன்று. சுருட்டு உலராதிருக்க 65 முதல் 70 விழுக்காடு வரை ஈரப்பதம் வேண்டுமென்று ஈரம் காக்கும் பொதியையும், சில பெட்டிகளில் மணமுள்ள செடார் பலகையையும் வைத்திருப்பார்கள். (யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பு தம் சுருட்டைப் பனையோலைக் கொட்டைப்பெட்டியில் வைத்தே காலங்கழித்தார்!) கோதுமை மாவும் நீருமே ஆன மெல்லிய அப்பமோ ஈரத்தையும் வாசனையையும் விரைந்து உறிஞ்சித் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே அவ்விரண்டும் இல்லாத புதிய பெட்டியையே வாங்குங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியை அப்பச் சிமிழுக்கு வெளியே வைப்பேன்.

திராட்சை இரசத்தைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுபோக இயலாது. பூங்காவின் உட்பகுதியில் புட்டிகளுக்கும் தகரக் குவளைகளுக்கும் தடை உண்டு. இறுக மூடும் சிறு பிளாஸ்டிக் குப்பியில் புறப்படும் நாளில் ஊற்றிக்கொள்வேன். திருப்பலிக்கு முன் முகர்ந்து பார்ப்பதும் கடமையே. கெட்டுப்போன இரசம் ஆகாதெனத் திருச்சபைச் சட்டம் 924ஆம் எண்ணில் கூறுகிறது. இரவில் பெட்டி உணவுப் பையோடு மரத்தில் தொங்கும். கரடியின் மூக்குக்கு அப்பமும் உணவே.

“ஆலயத்திலிருந்தே நற்கருணையைக் கொண்டுபோனால் இத்தனை சுமை ஏன், பாதர்?” என்று கேட்டோருக்கு: மேய்ப்புப்பணித் தேவை உந்தினாலன்றி நற்கருணையைப் பயணத்தில் எவரும் கொண்டுசெல்லலாகாது என்பது 935ஆம் எண். மேலும், ஞாயிறுதோறும் நான் தேடியும் காணாத முகங்கள் பல இம்முகாமில்தான் என் எதிரே அமர்கின்றன. அவர்களுக்குத் திருப்பலியே வேண்டும். கவிழ்த்த தோணியைப் பீடமாக்கலாமென்று ஓர் இளைஞர் சொன்னார். ஆர்வத்தைப் பாராட்டினேன், மடிப்பு மேசை வருகிறது.

சீலியாக் நோயுள்ள பிள்ளையொன்றும் இம்முறை வருகிறது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாதென 2003இல் உரோமை தெளிவாக்கியது; குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் செல்லும். அது தனிச் சிமிழில், பெட்டியின் தனிப் பள்ளத்தில் இருக்கும். என் கிண்ணத்தில் நான் அப்பத் துண்டை இடுவதால் அதிலிருந்து அப்பிள்ளை அருந்த இயலாது. அதற்கென இரண்டாவது சிறு கிண்ணமும் வேண்டும். நுரையில் பள்ளம் வெட்டும்போது இவ்விரண்டுக்கும் இடம் விட்டுவிடுங்கள். அவ்வகை அப்பம் தேவைப்படும் பிள்ளைகள் வேறு எவரேனும் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தனியே தெரிவியுங்கள்.