மூக்குக்கு ஒரு பள்ளிக்கூடம்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்கேப்டன் என்ற துர்நாற்றப் பொருளைத் துளியளவு கலக்கிறார்கள். முகரும் திறனை இழந்தவருக்கு இந்த ஏற்பாட்டால் ஒரு பயனும் இல்லை. கான்பூரில் ஒரு வங்கிப் பெண் ஊழியருக்கு இது உறைத்தது 2021 ஜூனில். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. வாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் இருந்த மாமியார் கூச்சலிட்டபடி ஓடிவந்து ரெகுலேட்டரை மூடினார். அடுப்பருகிலேயே நின்றிருந்த மருமகளுக்கு எதுவும் தெரியவில்லை.

அவருக்கு வயது 49. பெயர் வேண்டாம் என்கிறார். அந்த ஆண்டு ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாவது அலையில், அவரும் கணவரும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். இவர் எழுந்தார். அவர் எழவில்லை. பீரோவில் கணவரின் சட்டைகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தார். துணி மட்டும்தான் இருந்தது. "இரண்டாவது முறை இழந்த மாதிரி இருந்தது" என்கிறார்.

மூக்கின் உச்சியில் வாசனையை உணரும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. கொரோனா கிருமி பெரும்பாலும் தாக்குவது அவற்றை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத்தான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பிவிடுகிறது. சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகின்றன. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு தைலங்களைச் சொன்னார். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள் முகர வேண்டும், முகரும்போது அந்தப் பொருளை மனத்தில் நினைக்க வேண்டும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட பயிற்சி இது. அவர்கள் சோதித்த காலம் 12 வாரம்.

முதலில் வந்தது யூகலிப்டஸின் குளிர்ச்சி. அது வாசனை அல்ல, முக்கிளை நரம்பு உணரும் சுரீர் என்று பின்னால் தெரிந்துகொண்டார். மூன்றாவது மாதத்தில் ரோஜா வந்தது, கோணலாக. ஈர அட்டையின் வாடை அதில் இருந்தது. வெங்காயம் வதங்கினால் சாக்கடை நாறியது. நரம்புகள் மீண்டும் வளரும்போது இப்படிக் குழம்புவது உண்டு. இதுவும் முன்னேற்றம்தான் என்றார் மருத்துவர். நான்கு புட்டிகளும் அலுத்துப்போயின. ஐந்தாவதாக வெட்டிவேரை வாங்கினார். அங்கிருந்துதான் வாசனைத் திரவியம் தயாரிக்கும் ஆசை தொடங்கியது.

இதைக் கற்க கான்பூரைவிட வசதியான ஊர் சில இருக்கலாம். ஆனால் கன்னௌஜுக்கு இவ்வளவு பக்கத்தில் அதிக நகரங்கள் இல்லை. சுமார் 80 கிலோமீட்டர்தான். அத்தரின் தலைநகரமான அங்கே 1991இல் மத்திய அரசு நிறுவிய நறுமண, சுவைப்பொருள் வளர்ச்சி மையம் இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கின்றன. விடுப்பு போட்டுவிட்டுப் போய்வந்தார்.

கடைகளில் விற்கும் ஸ்பிரே வகைகளுக்கு அடிப்படை எத்தில் ஆல்கஹால். அது கலால் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு. வீட்டில் தொடங்குபவருக்கு எண்ணெய் வழிதான் எளிது. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சிறு தராசு, கண்ணாடிச் சொட்டுக்குழாய்கள், பழுப்பு நிறப் புட்டிகள், உறிஞ்சுதாள் துண்டுகள், ஒரு நோட்டு. மொத்த முதலீடு இவ்வளவே.

விதிகளும் குறைவு. துளிக் கணக்கு கூடாது. ஒரு தைலத்தின் துளி இன்னொன்றின் துளிக்குச் சமமல்ல. எடைதான் கணக்கு. காரமான தைலத்தை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு மணமற்ற எண்ணெயில் நீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். கலந்த உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. எலுமிச்சை நிமிடங்களில் ஓடிவிடும், ரோஜா சில மணி நேரம் நிற்கும், சந்தனமும் வெட்டிவேரும் மறுநாளும் தாளில் இருக்கும். இயற்கைப் பொருள் என்பதால் தோலுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் தவறு. பட்டைத் தைலம் தோலைப் புண்ணாக்கும். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தைலம் பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்பளிக்கலாம். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் காத்திருப்பது பாதுகாப்பு.

இந்தக் கணக்கு வழக்கெல்லாம் மேற்கத்திய இறக்குமதி அல்ல. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 16 பொருள்களில் நான்கு நான்காக எடுத்தால் 1,820 சேர்க்கைகள். அளவுகளை மாற்றினால் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும். வங்கியில் வட்டிக் கணக்கு பார்த்துப் பழகியவருக்கு இது தெம்பளித்தது.

கன்னௌஜில் அவர் அதிக நேரம் நின்றது தேக் என்ற செப்புக் கொப்பரையின் முன். பூவும் நீரும் இட்டு, மூடியை மண் குழைத்து அடைக்கிறார்கள். அடியில் விறகும் வறட்டியும் எரிகின்றன. ஆவி மூங்கில் குழாய் வழியே, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்த பப்கா என்ற கலயத்துக்கு இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் சந்தன எண்ணெய் மணத்தை வாங்கிக்கொள்கிறது. அனல் எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கையும் காதும் சொல்லும். இப்போது அசல் சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கும் மேலே. அதனால் பல கலயங்களில் சந்தனத்தின் இடத்தில் திரவ பாரபின் இருக்கிறது.

அவருடைய உண்மையான நோக்கம் வேறு. கணவர் கோடை முழுவதும் கஸ் அத்தரில் தோய்த்த பஞ்சைக் காது மடலில் செருகிக்கொள்வார். கஸ் என்பது வெட்டிவேர்தான். உலகம் முழுதும் அதை அழைக்கும் 'வெட்டிவர்' என்ற பெயர் தமிழ் போட்ட பிச்சை. அந்த வாசனையைச் செய்துவிட வேண்டும். செம்பில் வடித்து இளம்பச்சையாக இருக்கும் அசல் ரூஹ் கஸ் கொஞ்சம் வாங்கினார். ஈரமண், வேர், லேசான புகை, அடியில் ஒரு கசப்பு. அருமையான வாசனை. ஆனால் அது அவர் இல்லை. சந்தனம் கூட்டினார், குறைத்தார். ஏழு கலவைகள் ஆயின.

2023 கோடையில் கணவரின் காலிப் புட்டியையே எடுத்துக்கொண்டு கன்னௌஜின் பழைய வியாபாரி ஒருவரிடம் போனார். பெரியவர் மூடியை முகர்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பிட்டியா, வீட்டுக்காரர் இதை எங்கே வாங்கினார்?"

"ஸ்டேஷன் வாசலில், சாச்சா."

"இதில் கஸ் பேருக்குத்தான் இருக்கிறது. மீதி எல்லாம் ரசாயனம். என் கடையில் இதை உள்ளே விடமாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. பெரியவர் மீதா, ஸ்டேஷன் வாசல்காரன் மீதா, இருபது ஆண்டுகள் ஏமாந்த மனிதர் மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது வேறொன்று தோன்றியது. அத்தருக்குப் போலி உண்டு, தரம் உண்டு, ஆய்வுக்கூடச் சான்று உண்டு. நினைவுக்கு அது எதுவும் கிடையாது. அந்த மனிதரின் வாசனை ஸ்டேஷன் வாசல் வாசனைதான். தூய வெட்டிவேர் வேறு யாரோ ஒருவருடையது.

அடுத்த முறை பெரியவரிடமே கேட்டார்: "அந்த ரசாயனம் எங்கே கிடைக்கும்?" அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் கடை சொன்னார்.

பதினோராவது கலவையின் தாள் துண்டை மாமியாரிடம் நீட்டினார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மகனைப் பெற்றவரின் மூக்கு, எந்தப் பயிற்சியும் எடுக்காத மூக்கு. கிழவி முகர்ந்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தாளைத் தம் புடைவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அன்று இரவு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் புட்டியை அவர் பூசிக்கொள்வதில்லை, விற்கவும் இல்லை. எடையும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறார். அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுக்கு ரோஜாவும் தாழம்பூவும் போதும். வெங்காயம்தான் இன்னும் சரியாகவில்லை.