சாட்சி சொல்லாத சாந்தி

மரக்காணத்தில் ஒருமுறை இறங்கிவிட வேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. புதுவைக்குச் செல்லும்போதெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவ்வூரைக் கடந்திருக்கிறோம். பேருந்தின் சன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் தென்பட்டதும் எங்களில் ஒருவர் அண்மையில் படித்த நாவலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். ஊர் பின்னால் போன பிறகே அப்பேச்சு நிற்கும். எங்களோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் அங்கே உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அவருடைய வேலை பறிபோகக் காரணமான விசாரணைத் தாளின் அடியில் எங்கள் இருவரின் கையெழுத்தும் இருக்கிறது. எங்களை யாரும் அடிக்கவில்லை. ஓர் அறையில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, இடமாற்றம் என்ற சொல்லை இருமுறை உச்சரித்தார்கள். அவ்வளவே.

இவ்வாண்டு எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு இந்திரஸ் நாயுடுவின் ராபன் தீவுச் சிறை நினைவுகளை எடுத்துக்கொண்டோம். அவர் தம்பி நாயுடுவின் பேரர். தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தைப் படித்தவர்களுக்குத் தம்பி நாயுடுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மொரீசியசில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க்கில் திரும்பத் திரும்பச் சிறை சென்ற தமிழர். 1914இல் காந்தி விடைபெற்றபோது தம் மகன்கள் நால்வரை அவரிடம் ஒப்படைத்தவர். அந்நால்வரில் ஒருவரான நாரணசாமி இந்தியாவில் காந்தியின் ஆசிரமத்தில் வளர்ந்து, பிறகு தென்னாப்பிரிக்கா திரும்பினார். இந்திரசும் அவருடைய அக்காள் சாந்தியும் நாரணசாமியின் பிள்ளைகள். தில்லையாடி வள்ளியம்மையை அறிந்திருந்த எங்களுக்குச் சாந்தி என்ற பெயர் அதுவரை கண்ணில் பட்டதேயில்லை.

1969 ஜூனில், வின்னி மண்டேலா முதலானோர் கைதானதைத் தொடர்ந்து, சாந்தியும் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு எதுவும் கூறாமல் எத்தனை நாட்களுக்கும் அடைத்துவைக்க அன்றைய பயங்கரவாதச் சட்டம் இடமளித்தது. தனிமைச் சிறை, இரவுபகலாகத் தூங்கவிடாமல் நிற்கவைத்து விசாரணை. தாங்க முடியாத நிலையில் சிலவற்றை அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டிசம்பரில் பிரிட்டோரியாவில் 22 பேர் மீது நடந்த வழக்கில் அவரை அரசுத் தரப்புச் சாட்சியாக நிறுத்தினார்கள். குற்றவாளிக் கூண்டில் இருப்போரில் தம் நண்பர்களும் உள்ளனர், அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் தம் மனசாட்சியோடு வாழ இயலாது என்ற பொருள்படக் கூறி மறுத்துவிட்டார். மறுத்ததற்கு இரண்டு மாதச் சிறை. மொத்தத்தில் 371 நாட்கள் அடைபட்டுக் கிடந்தார்.

விசாரணை அறையில் அவர் தளர்ந்ததை மறைத்துவிட்டு வெறும் வீராங்கனையாக வரைவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தளர்ந்த பின்னும் ஒருவர் எழுந்து மறுக்க முடியும் என்பதுதான் எங்களை உறங்கவிடாமல் செய்தது. ஒருமுறை கையெழுத்திட்டோம், இனி என்ன செய்வது என்றுதானே நாங்கள் இத்தனை காலம் இருந்துவிட்டோம்!

கூட்டத்தில் சச்சரவு எழாமல் இல்லை. இந்திரஸ் 1963இல் ரயில்வே நிலையமைப்பு ஒன்றைத் தகர்க்கும் நாசவேலையில் பிடிபட்டுப் பத்தாண்டு தண்டனை பெற்றவர். காந்தியிடம் வளர்ந்தவரின் மகன் வெடி வைக்கப் போனதை அமைதி வழி என்று எப்படிச் சொல்வது என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஷார்ப்வில்லில் 69 பேர் சுடப்பட்டு, ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் தடை செய்யப்பட்ட 1960க்குப் பின் வந்த தலைமுறை அது என்பதற்கு மேல் எங்களிடம் விடையில்லை. ஆனால் சாந்தியின் மறுப்பில் பாட்டனாரின் முறை அப்படியே இருந்தது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

சித்திரை வெயிலில் ஒருநாள் மரக்காணத்தில் இறங்கினோம். பாத்திகளின் வரப்பில் நண்பர் எங்களைக் கண்டு, "வாங்க சார், வாங்க" என்றார். கொட்டகை நிழலில் அமர்ந்ததும், சொல்ல வந்ததைச் சொல்லத் துணிவின்றிச் சாந்தியின் கதையைச் சொன்னோம். தொழிற்சங்கக்காரராக இருந்தவர், குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்தம்மா அப்புறம் என்ன ஆனாங்க?"

1972இல் திரும்பி வர இயலாத வெளியேற்ற அனுமதியில் இங்கிலாந்து சென்றதையும், பின்னர் தான்சானியாவின் மசிம்புவில் பணியாற்றியதையும் கூறினோம். விடுதலை பெற்ற ஏழை நாடு, பாழாய்க் கிடந்த கற்றாழை நார்த் தோட்டம் ஒன்றை அண்டை மக்களின் போராட்டத்துக்குக் கொடுத்தது. 1976 சோவெட்டோ கிளர்ச்சிக்குப் பின் தப்பி வந்த பிள்ளைகளுக்காக அங்கே பள்ளி எழுந்தது. 1979இல் தூக்கிலிடப்பட்ட இளைஞர் சாலமன் மாலாங்குவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் சாந்தி தாயகம் திரும்பினார். 1992இல் பள்ளி தான்சானியாவிடமே ஒப்படைக்கப்பட்டது.

"இடத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா! அது பெருசு சார்" என்றார் நண்பர்.

அதன் பின்னரே கையெழுத்துப் பேச்சை எடுத்தோம். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம், வாக்கியங்கள் முடியவில்லை.

"தெரியும் சார். அன்னைக்கே எங்கிட்ட காட்டுனாங்க" என்று சொல்லி எழுந்தார். "வெயில் எறங்கறதுக்குள்ள இந்தப் பாத்திய வாரணும்."

பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கேட்காமலே பின்னால் இறங்கினோம். உப்பு காலை அறுத்தது. கொட்டகைச் சுவரில் இன்னும் இரண்டு பலகைகள் சார்த்தியிருப்பதாக அவர் கையைக் காட்டினார்.