12 பீப்பாய், ஒரு புயல், ஒரு கெங்குவார்பட்டிக்காரி!

பீர் திருவிழான்னதும் மூக்கைப் பொத்தாதீங்க மக்களே! நானும் அந்தக் கட்சிதான். மஞ்சளாறு பக்கத்துக் காத்து வாங்கி வளர்ந்த கெங்குவார்பட்டிப் பொண்ணு. டாஸ்மாக் இருக்கிற ரோட்டுல சாயங்காலம் ஆனா நடக்க மாட்டோம், சுத்தித்தான் போவோம். அப்படிப்பட்ட நான், இங்கிலாந்தின் ஷெஃபீல்டுல எம்.எஸ்ஸி. படிச்சப்போ, தெருமுனை பப் ஒண்ணு நடத்திய முதல் பீர் திருவிழாவுக்குப் பொறுப்பெடுத்த அஞ்சு பேர்ல ஒருத்தி. 2024 ஆகஸ்ட் 23, 24, 25. நான் குடிக்கிறதில்லை. அதனாலேயே கல்லாவும் டோக்கனும் என் கைக்கு வந்துச்சு!

ஸ்டூடண்ட் விசாவுல டெர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். எனக்குக் கிடைச்சது அந்த பப். இங்கிலாந்துல பப்புகள் வரிசையா மூடிக்கிட்டு இருக்கு. கரன்ட் பில், வரி, வீட்டுலயே உட்கார்ந்து குடிக்கிற பழக்கம்னு காரணம் நிறைய. எங்க முதலாளியம்மாவுக்கு அறுபது வயசு. இந்தக் கோடையில கணக்கு நேராகலைன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போறதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. கடைசி முயற்சிதான் இந்தத் திருவிழா.

பின்கட்டுல பந்தல் போட்டு விக்கணும்னா, அந்த இடம் பப்போட லைசென்ஸ்ல இல்லை. அதுக்குத் தற்காலிக நிகழ்ச்சி நோட்டீஸ்னு ஒண்ணு உண்டு. 21 பவுண்டு கட்டி, பத்து வேலை நாள் முன்னாடியே கவுன்சிலுக்குக் கொடுக்கணும். போலீஸுக்கும் ஒரு காப்பி. ஒரே நேரத்துல 500 பேருக்குள்ளதான் இருக்கணும். நம்ம ஊர்ல திருவிழாவுக்கு மைக் செட் பர்மிஷன் வாங்க அலைஞ்சவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி!

இனி பீப்பாய் கதை. பெரிய கம்பெனிகள் கேஸ் அடைச்ச பீரையே நாடு முழுக்கத் தள்ளினதைப் பொறுக்காம, 1971-ல நாலு பேர் சேர்ந்து கேம்ரான்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோட இருந்து முதிர்ற பழைய வகை பீரைக் காப்பாத்தணுங்கிறது அவங்க கோரிக்கை. 1975-ல லண்டன் கோவன்ட் கார்டன்ல ஒரு பீர் கண்காட்சி, 1977-ல அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல பெரிய திருவிழா. அதைப் பார்த்துத்தான் தெருமுனை பப் வரைக்கும் இந்தப் பழக்கம் பரவுச்சு.

உயிருள்ள பீர்னா, பிள்ளை மாதிரி பார்த்துக்கணும். ஒரு பீப்பாய் 9 கேலன், அதாவது சுமார் 41 லிட்டர். எங்களுக்கு 12 பீப்பாய். செவ்வாய்க்கிழமையே இறக்கி, மரச்சட்டத்துல படுக்க வச்சு, அசையாம விட்டோம். மேல் ஓட்டையில மெல்லிசு மர ஆப்பு அடிச்சா, உள்ளே சேர்ந்த வாயு மெதுவா வெளியேறும். அடிமண்டி படிஞ்சு பீர் தெளியும். தெளிய வைக்கிறதுக்கு மீனோட காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறாங்கன்னு கேட்டதும் என் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அப்புறம் கொட்டாப்புளியால ஒரே அடி, குழாய் உள்ளே போயிடணும். ரெண்டாவது அடி அடிச்சா மண்டி கலங்கிடும். திறந்துட்டா ஏறக்குறைய மூணு நாள்தான் ஆயுசு. விக்காதது சாக்கடைக்கு.

பீர் 12 டிகிரி சூட்டுல இருக்கணும். குளிர்ப்பெட்டி வாடகைக்கு எடுக்கக் காசில்லை. முதலாளியம்மா கொண்டுவந்து கொட்டினது என்ன தெரியுமா? சாக்கு! நனைச்சு பீப்பாய் மேல போர்த்திட்டாங்க. எங்க வீட்டுத் தண்ணிப்பானைக்கு அப்பத்தா சுத்தின அதே ஈரச்சாக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தண்ணி தெளிக்கிற டூட்டியை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியக்காலை லிலியன் புயல் வட இங்கிலாந்தை உலுக்குச்சு. லீட்ஸ் இசைத் திருவிழாவுலயே சில மேடைகளை மூடிட்டாங்க. எங்களுக்கு ஓரக்காத்துதான். ஆனாலும் பந்தல் பட்டம் மாதிரி எழும்ப, அஞ்சு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடிச்சுத் தொங்கினோம். பதினோரு மணிக்குக் காத்து அடங்குச்சு. பன்னெண்டுக்குக் கதவைத் திறந்தா ஏழே பேர். முதலாளியம்மா ஒண்ணும் பேசலை, கிளாஸைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆறு மணிக்குத்தான் கூட்டம் வந்துச்சு. தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில குழந்தைன்னு குடும்பம் குடும்பமா!

எனக்கு ஆச்சரியம் கிளாஸ்தான். முழு கிளாஸ் ஒரு பைன்ட், 568 மில்லி. ஆனா வாங்கினவங்க பாதிப் பேர் மூன்றில் ஒரு பங்கு கேட்டாங்க. 189 மில்லி. நம்ம ஊர் குவார்ட்டர் 180 மில்லி. கிட்டத்தட்ட ஒரே அளவுதானேன்னு நினைக்காதீங்க. குவார்ட்டர்ல ஆல்கஹால் 42.8 சதவீதம், அந்த பீர்ல 4. ஒரு குவார்ட்டர்ல இருக்கிற ஆல்கஹால் அந்தச் சின்ன கிளாஸ் பத்துல இருக்கு! அரை பைன்ட் கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாது, குடிதண்ணி இலவசமா தரணும், இதெல்லாம் இங்கே லைசென்ஸ் நிபந்தனை. போதையேறினவருக்கு வித்தா வித்தவருக்கு அபராதம்.

அந்தக் கடைசி விதி சனிக்கிழமை ராத்திரி என்கிட்ட வந்து நின்னுச்சு. நல்ல உயரமான மனுஷர், கண்ணு சொருகி, அஞ்சு பவுண்டு நோட்டை நீட்டினார். "ஸாரி, இனி உங்களுக்குத் தர முடியாது"ன்னு சொல்லித் தண்ணி கிளாஸை நகர்த்தினேன். கை நடுங்குச்சு. கெட்ட வார்த்தை ரெண்டு விழுந்துச்சு. முதலாளியம்மா வந்து என் பக்கத்துல நின்னாங்க, அவ்வளவுதான். அவர் தண்ணியைக் குடிச்சுட்டு உட்கார்ந்தார். மக வந்து கூட்டிட்டுப் போனா.

ஞாயித்துக்கிழமை காலையில அம்மாகிட்டேர்ந்து போன். யாரோ போட்டோவைக் காட்டிட்டாங்க. "ஏத்தா, சாராயக் கடையிலயா நிக்கிற?" அம்மாவோட தம்பி, காதுகுத்துக்கு என்னை மடியில வச்ச மாமா, 41 வயசுல குடியால போனவர். என்ன சமாதானம் சொல்ல? முந்தின ராத்திரி நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "என் தம்பிக்கும் யாராச்சும் ஒருநா இல்லைன்னு சொல்லியிருக்கலாம்"னாங்க. வேலையை விடுன்னு சொல்லலை. நல்லா இருன்னும் சொல்லலை.

அன்னிக்கு சாயங்காலம் பதினோரு பீப்பாய் காலி. மிஞ்சினது எது தெரியுமா? 'இந்தியா பேல் ஏல்'! 18-ம் நூற்றாண்டுக் கடைசியில லண்டன்லேர்ந்து கப்பலேறி நம்ம நாட்டு வெள்ளைக்காரங்களுக்கு வந்த சரக்கோட வாரிசு. அதுக்கு அறிமுக அட்டை எழுதினது நான்தான். கால் பீப்பாய் சாக்கடைக்குப் போச்சு. டோக்கனை நானும் முதலாளியம்மாவும் ரெண்டு தடவை எண்ணினோம். ப்ரூவரிகளுக்குக் கொடுத்தது போக, மூணு மாச வாடகைக்கு இருந்துச்சு. அவங்க சாக்கையெல்லாம் பிழிஞ்சு கொடியில காயப்போட்டாங்க.