காக்கா பிடித்த விளக்கு



சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு மகளின் மேசையைத் துப்புரவாக்கப் போனேன். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஒரு கதை இருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேலே, வெயிலின் சக்தியால் ஒரு தோணி பறக்கிறது. அதை ஓட்டுவது ஒரு பெண். "ஓ.எல். சோதனை கிட்ட வருது, உனக்கு இது என்னத்துக்கு?" என்ற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது.

அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. பதினான்கு வயதில் நானும் ஒரு கொப்பி நிறையக் கதை எழுதினேன். உம்மா பன்பாய் இழைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் நான் எழுதுவேன். மாமி ஒருவர் பார்த்துவிட்டு, "பொம்புளப் புள்ளைக்குக் கதை எழுத்து எதுக்கு?" என்றார். மாரி மழையில் விறகு நனைந்திருந்த ஒரு காலையில், அந்தக் கொப்பி அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது. உம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அழகாகக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. அது என்ன தாள் என்று அவருக்கு யார் சொல்வது?

மகளின் கொப்பியோடு நின்றபோது, பேகம் ருகையா சகாவத் ஹுசைனின் நினைவு வந்தது. அறியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்.

அவர் 1880ஆம் ஆண்டு, இன்றைய பங்களாதேஷின் ரங்பூர்ப் பகுதியில் பைராபந்து என்ற ஊரில் பிறந்தார். வாப்பா ஜமீன்தார். ஆண் பிள்ளைகள் கல்கத்தாவுக்குப் போய் ஆங்கிலம் படித்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு அரபும் உருதும் போதும் என்றிருந்த வீடு அது. ஆனால் காக்கா இப்ராஹீம், வீடு உறங்கிய பின் விளக்கை ஏற்றிவைத்துத் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் படித்துக்கொடுத்தார். ராத்தா கரீமுன்னிஸாவும் துணை நின்றார்.

1898இல் பாகல்பூரில் அரசாங்க அதிகாரியாக இருந்த சகாவத் ஹுசைனை மணந்தார். கணவர் வயதில் மிக மூத்தவர். ஆனாலும் எழுதத் தூண்டினார். 1902இல் முதல் எழுத்து அச்சேறியது. பிறகு, கணவர் வெளியூர் போயிருந்த நாட்களில் பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் உட்காராமல் நின்றபடியே அதை முழுவதும் வாசித்தாராம். அதுதான் "சுல்தானாவின் கனவு". 1905இல் அது வெளிவந்தது எங்கே தெரியுமா? நமக்கு அக்கரையில், சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில்!

அந்தக் கதையின் நாட்டில் பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து குழாய் வழியாக நீர் எடுக்கின்றன; சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றன. அடுப்பில் புகையில்லை, கரியில்லை. வானில் ஊர்தி பறக்கிறது. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இன்று நம்மூர்க் கூரைகளில் சூரிய மின் தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

1909இல் கணவர் மரணித்தார். அவர் ஒதுக்கிவைத்திருந்த பணத்தில், அதே ஆண்டு ஐந்து பிள்ளைகளோடு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார் ருகையா. 1911இல் கல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளோடு மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைக் கேட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. காக்கா பிடித்த விளக்கை அவர் மற்றப் பிள்ளைகளுக்காகப் பிடித்தார் என்றே நான் நினைக்கிறேன்.

மகள் பள்ளியால் வந்ததும் கொப்பியை நீட்டினேன். முகம் கறுத்துப்போனது. "கணக்குக் கொப்பியில எழுதாத மகள், இதுக்கு வேற கொப்பி வாங்கித் தாறன். சோதனையையும் பாரு, இதையும் எழுது" என்றேன். பிறகு, "அந்தத் தோணி எங்க போகுது?" என்று கேட்டேன்.

"இன்னும் யோசிக்கல்ல உம்மா" என்றாள். அன்றிரவு இருவரும் சேர்ந்து யோசித்தோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கொப்பிகளின் கடைசிப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அடுப்புக்கு வேறு தாள் கிடைக்கும்.