இமயத்தில் ஓர் இரவு

இமயவரம்பன் என்று பெயர் பூண்ட சேரனைப் பற்றியும், கண்ணகியின் படிமத்திற்காக அம்மலையிற் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்த செங்குட்டுவனைப் பற்றியும் வகுப்பிற் கேட்டிருந்த யான், இமயத்தைக் கண்ணாற் காணாமல் ஒரு தமிழ் மாணவன் பட்டம் பெறுவது தகாது என்று ஒருநாள் விடுதியிற் கூறினேன். நண்பர்கள் நகைத்தனர். பொருநைக் கரையிற் பிறந்து, பனிக்கட்டியைக் குளிர்ப்பெட்டியிலன்றி வேறெங்கும் கண்டறியாத ஒருவன் பேசிய பேச்சு அது. அவர்கள் நகைத்தது தவறன்று. நகையாதவர் சண்டிகரில் வாழும் என் தாய்மாமன் ஒருவரே.

மாமா அந்நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தமது பழைய மகிந்திரா ஜீப்பில் மலையேறிவருவது அவருக்கு வழக்கம். "பரீட்சை முடிந்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, மருமகனே. சந்திர தால் வரை போய்க் கூடாரம் அடித்துத் தங்கி வருவோம்" என்று அவர் தொலைபேசியில் அழைத்த அன்றே யான் ஒரு குறிப்பேடு வாங்கினேன்.

சந்திர தால் என்பது இமாசலப் பிரதேசத்தில், லாகூல்-ஸ்பிதி மாவட்டத்தில், ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்திலுள்ள ஓர் ஏரி. பிறைபோல் வளைந்திருத்தலின் திங்களின் பெயரைப் பெற்றது என்பர். ஆண்டிற் பாதிக்கு மேல் அதற்குச் செல்லும் வழியைப் பனி மூடிக் கிடக்கும். கோடையில் வழி திறக்கும். திறந்த பின்னரும் அதனை வழியென்று அழைப்பதற்கு மிகுந்த தாராள மனம் வேண்டும். உருண்டைக் கற்களும், குறுக்கே பாயும் பனிநீர் ஓடைகளும், ஒருபுறம் மலையும் மறுபுறம் சந்திரா நதியின் பள்ளமுமே அங்குள்ளவை. இந்நதியே கீழே தாண்டி என்னுமிடத்தில் பாகா நதியோடு கூடிச் செனாப் ஆகின்றது.

இத்தகைய வழிக்கு நான்கு சக்கரமும் உழைக்கும் வண்டி வேண்டுமென்பதன் காரணத்தை மாமா எனக்கு விளக்கினார். சாதாரண வண்டியில் இயந்திரத்தின் விசை இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். அவற்றுள் ஒன்று வழுக்குக் கல்லின்மேல் ஏறிவிடின் அது வீணே சுழல, மற்றது வாளா நிற்கும். ஜீப்பிலோ கியர்க் கம்பிக்கு அருகே மற்றொரு சிறு கம்பி உளது. அதனைத் தள்ளினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். இன்னும் ஒரு நிலை தள்ளினால் வேகம் மிகக் குறைந்து வலிவு மிகும். "குதிரையை அவிழ்த்துவிட்டு எருதைப் பூட்டுவது போல" என்றார் மாமா. எந்தப் பாடநூலும் இதனை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது.

மூன்று மாதம் யான் திட்டமிட்டேன். ஊர்களின் தொலைவு, உயரம், டீசல் கணக்கு, செலவு யாவும் குறிப்பேட்டில் ஏறின. கிராம்பூவில் பிரிந்து செல்லும் அவ்வழியில் காசா என்னும் ஊர் சேரும்வரை டீசல் கிடையாது என்பதால் தகரக் குவளைகளில் நிரப்பிச் செல்ல வேண்டும். மண்வெட்டி, இழுவைக் கயிறு, சக்கரத்தின் அடியில் இடுதற்கு இரு பலகைகள், காற்றடிக்கும் பம்பு ஆகியன மாமாவின் பங்கு. பிரஷர் குக்கர் என் பங்கு. அவ்வுயரத்தில் நீர் 86 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுமாதலின் திறந்த பானையில் பருப்பு வேகாது. என் அன்னையாரோ எங்கள் கணக்குகள் எதனையும் பொருட்படுத்தாது, உடன்குடிக் கருப்பட்டியும் சுக்கும் பருப்புப் பொடியும் ஒரு மூட்டையாகக் கட்டித் தந்தனர்.

குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு விதியையும் எழுதிவைத்திருந்தேன். 3,000 மீட்டருக்கு மேற் சென்றபின், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது அது. கடல் மட்டத்தில் உள்ள காற்றில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே சந்திர தாலில் உளது. உடல் அதற்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். எனவே மணாலியில் இரண்டு இரவும், வழியிலே 3,300 மீட்டரிலுள்ள சத்ருவில் ஓர் இரவும், வேறோரிடத்தில் ஓர் இரவும் தங்குவதாக ஏற்பாடு.

சென்ற ஜூன் மாதம் யானும், மேனிலைத் தேர்வு எழுதி முடித்த என் தம்பியும் சண்டிகர் சேர்ந்தோம். அங்கிருந்து புறப்பட்ட மறுநாளே மழையால் மலை சரிந்து வழி அடைபட, மண்டியில் நாட்கள் இரண்டு வீணாயின. அன்றிரவு விளக்கொளியில் குறிப்பேட்டை விரித்தேன். கல்லூரி திறக்கும் நாள் மாறாது. திரும்பும் புகைவண்டிச் சீட்டும் மாறாது. மாறத்தக்கவை தங்கும் இரவுகளே. மணாலியில் ஓர் இரவைமட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையவற்றின்மேல் கோடிழுத்தேன். மாமா தயங்கினார். "சத்ருவில் ஓர் இரவாவது இருக்கட்டும்" என்றார். யான் சீட்டைக் காட்டினேன். அக்காள் மக்கள் அரிதாய் வந்திருக்கின்றனர் என்ற அன்பினால் அவர் இணங்கிவிட்டார். தமக்கு மலையில் ஒருபோதும் தலைநோவு கண்டதில்லை என்பதும் அவர் இணங்கியதற்கு ஒரு காரணம்.

மணாலியினின்று காலையிற் புறப்பட்டோம். 2020 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் திறக்கப்பெற்ற அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர் நீளமுடையது. 3,978 மீட்டர் உயரமான ரோதங் கணவாயை ஏறி இறங்கும் துன்பத்தை அது நீக்கிவிட்டது. உள்ளே புகும்போது தேவதாரு மரங்களும் ஆப்பிள் தோட்டங்களும் சூழ்ந்த பச்சை உலகம். வெளிவரும்போது மரம் அருகி மண்ணிறம் மிகுந்த உலகம். தம்பி வாய் ஓயாது பேசிக்கொண்டு வந்தான். வண்டி உயர உயரப் பொரிகடலைப் பொட்டலம் உட்காற்றினால் ஊதிப் பந்துபோல் ஆயிற்று. அதனைக் காதில் வைத்துத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

சத்ருவில் தேநீர் அருந்தினோம். ஊரின் பெயர் சத்ரு. அங்குப் பாயும் வெயிலும் நீரும், கல்லடுக்கிய கடையின் வெம்மையும் எல்லாம் மித்திரனைப் போன்றவை. அப்போது தம்பி, "அண்ணே, இங்கேயே படுத்துக்கொள்ளலாமா?" என்றான். களைப்பென்று எண்ணிய யான், "மாலைக்குள் ஏரியைப் பார்க்க வேண்டாமா?" என்று குறிப்பேட்டை நீட்டினேன். அவன் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பாகல் நாலா என்னும் ஓடையை அடைந்தோம். இந்தியில் அதற்குப் பைத்தியக்கார ஓடை என்பது பொருள். மேலே பனி உருக உருகப் பகலில் அது பெருகும். இரவில் பனி இறுகுவதால் வடியும். யாங்கள் வந்ததோ பெருகும் வேளை. மாமா கோலொன்றை ஊன்றிக்கொண்டு நீரில் இறங்கி, முழங்காலுக்கு மேல் நனைந்து, கற்களின் இருப்பை அறிந்துவந்தார். பிறகு சிறு கம்பியைத் தாழ்ந்த வேகத்திற்குத் தள்ளி, இடையில் நிறுத்தாமலும் கியர் மாற்றாமலும் நடைவேகத்திற் செலுத்தினார். வண்டி பெருங்கல் ஒன்றில் ஏறி இடப்புறம் சாய்ந்தபோது யான் பற்றியிருந்த கம்பியின் தழும்பு மறுநாள் வரை என் கையில் இருந்தது.

பாதலைக் கடந்து 14 கிலோமீட்டர் ஏறி, மாலையில் ஏரியைச் சேர்ந்தோம். கரையிற் கூடாரம் அடிக்க இசைவில்லை. அதற்கென விட்ட இடம் சற்றுத் தொலைவில் உளது. வண்டி நிற்குமிடத்திலிருந்து நடந்து சென்று ஏரியைக் கண்டேன். பச்சையா நீலமா என்று துணிவதற்குள் அந்நீர் நிறம் மாறியது. எதிர்மலையின் பனி அதில் அசையாது கிடந்தது. இன்னும் எழுதலாம், ஆயினும் என் தம்பி அதனைக் காணவில்லை. பாதிவழியில் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, "நீ போய் வா, அண்ணே" என்றான். சோம்பல் என்று கடிந்துகொண்டு சென்றவன் யான்.

இரவு சோற்றை அவன் தொடவில்லை. தலைநோவு காலை முதலே உண்டென்று அப்போதுதான் சொன்னான். "உன் திட்டம் கெட்டுவிடுமே என்று சொல்லவில்லை" என்றான். மாமா அவனை நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார், நடந்தான். சுக்குநீர் தந்து, இரண்டு கம்பளிகள் போர்த்திப் படுக்கவைத்தோம். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு வாந்தியெடுத்தான். மீண்டும் நடக்கச் சொன்னபோது குடித்தவனைப் போல் தள்ளாடி என்மேற் சாய்ந்தான். அயலிலிருந்த கூடாரக்காரர் ஒருவர் விழித்தெழுந்து வந்து, விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்ததும், "கீழே, இப்போதே" என்று இரண்டே சொற்களிற் கூறி, தம்மிடமிருந்த பிராணவாயு உருளையையும் கொடுத்தார். விலை பேசவில்லை. அவர் பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

கூடாரத்தை விட்டுவிட்டுப் புறப்பட்டோம். மாமா பேசாது ஓட்டினார். பின்னாசனத்தில் தம்பியின் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு கல்லிலும் வண்டி குலுங்க அவன் முனகினான். அவன் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன். அறியாமலே ஜெபித்துக்கொண்டும் வந்தேன். கிழக்கு வெளுக்கும் வேளையில் மீண்டும் பாகல் நாலா. மாமா கோலை எடுத்தார். யான் அதனை வாங்கிக்கொண்டு நீரில் இறங்கினேன். அப்போது நீர் கெண்டைக்கால் அளவே இருந்தது. ஆயினும் அக்குளிரை நீரின் குளிரென்று சொல்வதற்கில்லை. எலும்பைக் கவ்வும் ஏதோ ஒன்று. வண்டிவிளக்கின் ஒளியில், கற்கள் இல்லாத இடங்களைக் கோலாற் காட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். வண்டி என்னைத் தொடர்ந்து மெல்ல வந்தது.

சத்ருவைத் தாண்டிய பின்னர் அவன் கண் விழித்தான். 3,140 மீட்டரிலுள்ள கோக்சரில் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறதென்றான். கடையொன்றில் சோறும் பருப்பும் வாங்கி உண்ணச்செய்தோம். பனிமலையைக் காட்டிலும் அச்சோற்றுத் தட்டையே யான் நெடுநேரம் பார்த்திருந்தேன். சுரங்கத்தைக் கடந்து மணாலியில் ஒரு வைத்தியரிடம் காட்டினோம். இன்னும் சில மணி நேரம் மேலேயே இருந்திருப்பின் தாம் வேறு விதமாகப் பேச நேர்ந்திருக்கும் என்றார் அவர். மாமா, "வண்டியை ஓட்டியவன் நான், பிழை என்னுடையது" என்று அவரிடம் சொன்னார். அது உண்மையன்று என்று அவ்விடத்தில் மறுத்துச்சொல்ல எனக்கு நா எழவில்லை.

கைப்பேசியில் அன்னையாரின் அழைப்புகள் பல வந்திருந்தன. தம்பியே முதலிற் பேசினான். "சுகமாய் இருக்கிறோம், அம்மா. கருப்பட்டிதான் தீர்ந்துவிட்டது" என்றான். யான் கைப்பேசியை வாங்கிக்கொண்டு தெருவிற்கு வந்து, குறிப்பேட்டில் இழுத்த கோடுகள் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் ஒலியில்லை. பின்னர், "அவன் ஏதாவது சாப்பிட்டானா?" என்று கேட்டார்கள். சோறும் பருப்பும் என்றேன்.

"நீ சாப்பிட்டாயா?" என்றார்கள்.

யான் அதுவரை ஒன்றும் உண்டிருக்கவில்லை.